பல்லியா, ஓணானா, அரணையா: எந்த அடையாளத்தை முதலில் பார்ப்பது?

பல்லியினத்தைச் சேர்ந்த ஓர் உயிர் நம் பார்வைக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் சில நொடிகள்தாம். வேலியில் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும் ஓணான், நாம் ஓரடி எடுத்து வைத்ததும் தண்டின் மறுபுறம் போய்விடுகிறது. சருகுக்குள் சலசலக்கும் அரணை, முதுகின் பளபளப்பை ஒரு கணம் காட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் உடலின் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்து வைத்திருப்பவருக்கே, பார்த்தது இன்னது என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. நிறம், அளவு, இருக்கும் இடம், வால், செதில், கால்விரல், கண் என்று ஏழு வகை அடையாளங்கள் நம்முன் இருக்கின்றன. இவற்றுள் எதற்கு முதலிடம் கொடுப்பது என்பதையே இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணை முதலில் பார்க்க வேண்டும், அடுத்தது கால்விரல், அதற்கடுத்தது செதில். வாலையும் இடத்தையும் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம். நிறத்தைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். ஆனால் நம்மில் பலர் நிறத்தில் தொடங்கி, நிறத்திலேயே முடித்துவிடுகிறோம். பச்சையாக இருந்ததெல்லாம் பச்சோந்தி ஆகிவிடுகிறது. வால் சிவந்திருந்ததெல்லாம் நஞ்சுள்ளது ஆகிவிடுகிறது. இந்த அவசரத்துக்கு விலை கொடுப்பவை அந்த உயிர்களே. ‘அரணை கடித்தால் மரணம்’ என்ற பேச்சை நம்பி, யாருக்கும் தீங்கு செய்யாத அரணைகள் இன்றும் அடித்துக் கொல்லப்படுகின்றன. மனிதருக்கு ஆபத்தான நஞ்சுள்ள பல்லியினம் எதுவும் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இல்லை என்பதை ஐயமின்றிச் சொல்லலாம். அத்தகைய நஞ்சுக்குப் பேர்போன கிலா மான்ஸ்டரும் அதன் உறவினங்களும் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைகளிலும் மெக்சிகோ, குவாத்தமாலா நாடுகளிலும் வாழ்பவை.

நம் பகுதியில் சாதாரணமாகக் காணக்கூடியவை ஆறு குடும்பங்கள். பல்லி, ஓணான், அரணை, பச்சோந்தி, உடும்பு ஆகிய ஐந்தையும் எல்லோரும் அறிவார்கள். ஆறாவது, வறண்ட புல்வெளிகளிலும் முட்புதர்க் காடுகளிலும் ஓடித்திரியும் லசெர்டிட் குடும்பம்; அதில் நம்மிடம் உள்ளது ஒஃபிசாப்ஸ் என்ற பேரினம். அதன் கண் பாம்பின் கண்ணைப் போல இமையின்றி இருப்பதால் இங்கே அதைப் பாம்புக்கண் பல்லி என்று குறிப்பிடுகிறேன். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இதை அரணை என்றே எண்ணிக் கடந்துவிடுகிறார்கள்.

நிறம் ஏன் போதாது

தோட்டத்து ஓணானையே எடுத்துக்கொள்வோம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் தோளும் செக்கச்செவேல் என்று சிவந்து, தொண்டையோரம் கருமை படரும். இந்தச் சிவப்பைப் பார்த்துத்தான், ஓணான் தொலைவிலிருந்தே இரத்தத்தை உறிஞ்சிவிடும் என்ற அச்சம் பிறந்தது. ஆங்கிலேயர்களும் அதற்கு அப்பொருளிலேயே பெயர் வைத்தார்கள். அதே ஆண் மற்றோர் ஆணிடம் தோற்றுப் பின்வாங்கும்போது சிவப்பு மங்கி, சற்று நேரத்தில் மண்ணிறமாகிவிடுகிறது. பெண்ணும் குஞ்சும் எப்போதும் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்திலேயே இருக்கின்றன. நிறத்தை மட்டும் குறித்துக்கொள்பவரின் குறிப்பேட்டில் இந்த ஓர் இனம் மூன்று இனங்களாகப் பதிவாகும்.

தென்னிந்தியக் கற்குன்றுகளில் வாழும் பாறை ஓணானிடம் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாகத் தெரியும். பருவகாலத்தில் ஆணின் முதுகு மஞ்சளும் சிவப்புமாக ஒளிர, உடலின் கீழ்ப்பகுதி கறுத்திருக்கும். அருகே அதே பாறையில் ஒட்டிக் கிடக்கும் பெண், பாறையின் புள்ளிகளோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. இரண்டும் ஒரே இனம் என்று முதல்முறை பார்ப்பவரால் நம்ப முடிவதில்லை. உடும்பிலும் இதே சிக்கல் வேறு விதமாக இருக்கிறது. உடும்புக் குஞ்சின் உடல் மஞ்சள் புள்ளிகளும் குறுக்குப் பட்டைகளுமாகப் பளிச்சென்று இருக்கும். வளர வளர அவை மங்கி, முதிர்ந்த உடும்பு மண்ணும் சாம்பலும் கலந்த நிறத்துக்கு வந்துவிடும். குஞ்சைப் பார்த்தவர்கள் அதைத் தனி இனமாகவும், கொடிய நஞ்சுள்ளதாகவும் கருதிய கதைகள் வட இந்தியாவில் ஏராளம்.

பச்சோந்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதன் தோலின் உள்ளடுக்கில் குவானின் என்ற பொருளாலான நுண்படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையேயுள்ள இடைவெளி கூடவும் குறையவும், தோலிலிருந்து திரும்பும் ஒளியின் நிறம் மாறுகிறது. மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்து ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதை விளக்கினார்கள். சூழலோடு கலந்து மறைவதற்காகவே அது நிறம் மாறுகிறது என்று நாம் பள்ளியில் கேட்டது முழு உண்மை அல்ல; எதிரியை மிரட்டுவதும் துணையை ஈர்ப்பதும் உடல் வெப்பத்தைச் சீர்செய்வதும் அதன் பெரிய காரணங்கள். மனநிலையையும் வெயிலையும் பொறுத்து மாறும் ஒன்றை அடையாளமாகக் கொள்வது எப்படி?

நிறத்தை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். சாயல் மாறினாலும், கோடும் பட்டையும் அமைந்திருக்கும் இடம் பெரும்பாலும் மாறாது. இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையோரத்திலும் காணப்படும் பச்சை ஓணானின் உடலில் குறுக்கே ஓடும் வெளிறிய பட்டைகள், அது சினந்து கறுக்கும் நேரத்திலும் ஓரளவு தெரியும். எனவே நிறத்தைக் குறிக்கும்போது, என்ன நிறம் என்பதைவிடக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிப்பது பயனுள்ளது.

கண்

முதலிடத்தைக் கண்ணுக்குக் கொடுப்பதற்குக் காரணம், அது கேட்கும் கேள்வி எளியது என்பதே: இமைக்கிறதா, இல்லையா? ஓணான் இமைக்கும், அரணை இமைக்கும், உடும்பு இமைக்கும். வீட்டுப் பல்லி இமைக்காது. அதன் கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் நிலையான ஒரு படலம் மூடியிருக்கிறது. அசையும் இமை இல்லாததால், கண்ணில் தூசி படிந்தால் அது தன் நாக்கை நீட்டியே துடைத்துக்கொள்கிறது. இரவு விளக்கருகே காத்திருக்கும் பல்லியைச் சில நிமிடங்கள் பொறுமையாகக் கவனித்தால் யாரும் இதைக் காணலாம். கண்மணியும் வேறுபட்டது: வெளிச்சத்தில் செங்குத்தான மெல்லிய கீற்றாகச் சுருங்கி, இருளில் அகன்று விரியும். ஓணானின் கண்மணி எப்போதும் வட்டம்.

இந்த ஒரு கேள்வியின் வலிமையை மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் நெமாஸ்பிஸ் வகைப் பகற்பல்லிகள் நன்கு காட்டும். அவை பகலில் திரிபவை, கண்மணி வட்டமானது, விரல்களின் அடியில் ஒட்டும் திண்டுகள் இல்லை. பாறையிலும் மரத்தண்டிலும் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அவற்றை, இருக்கும் இடத்தையும் நேரத்தையும் விரலையும் வைத்து முடிவு செய்பவர் சிறிய ஓணான் என்றே எழுதிவிடுவார். இமைக்காத கண்தான் அவற்றைப் பல்லிக் குடும்பத்தில் சேர்க்கிறது. பிற அடையாளங்கள் எல்லாம் தவறான பக்கம் இழுக்கும்போதும் கண் மட்டும் சரியான பக்கம் நிற்கிறது என்பதே அதை நான் முதலில் வைப்பதற்கு வலுவான காரணம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒடிசா முதலிய பகுதிகளில் வாழும் சிறுத்தைப் பல்லிக்கு அசையும் இமைகள் இருக்கின்றன. அது பல்லிகளுக்கு நெருங்கிய உறவுள்ள தனிக்குடும்பம். நம் வீட்டுச் சுவரிலோ தோட்டத்திலோ அது குறுக்கிடப்போவதில்லை என்பதால் விதி குலையாது. மறுபுறம், பல்லியல்லாத பாம்புக்கண் பல்லியும் இமைக்காது. அதன் கீழிமை மேலே ஒட்டிக் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. ஆகவே இமைக்காத ஒன்றைக் கண்டால் அது வீட்டுப் பல்லி வகையா, பாம்புக்கண் பல்லியா என்ற அடுத்த கேள்வி எழும். அதற்குச் செதில் ஒரே பார்வையில் விடை சொல்லிவிடும்.

பச்சோந்தியின் கண்ணைக் கண்டபின் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. மேலிமையும் கீழிமையும் சேர்ந்து செதில் போர்த்திய கூம்பாகி, நுனியில் சிறு துளை மட்டும் விட்டிருக்கும். வலக்கண் முன்னே நோக்க, இடக்கண் பின்னே நோக்கும். இவ்வாறு இரு கண்களும் வெவ்வேறு திசையில் சுழல்வதை நம் நாட்டின் வேறெந்தப் பல்லியினத்திலும் காண முடியாது. இந்தியாவில் வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே ஒன்றுதான். இலங்கையிலும் அதுவே இருக்கிறது.

கால்விரல்

விரலை இரண்டாவதாக வைக்கிறேன். அது கண்ணைவிடக் குறைந்த தகவல் தருவதால் அன்று, பல நேரங்களில் பார்வைக்குக் கிடைக்காது என்பதால். கிடைத்தால் அது குடும்பத்தை மட்டுமன்றி, சில இடங்களில் பேரினத்தையே சொல்லிவிடும்.

வீட்டுப் பல்லியின் விரல் நடுவில் அகன்று, அடியில் தகடுகள் இரண்டிரண்டாகப் பிரிந்து வரிசையாக அமைந்திருக்கும். அந்த அகன்ற பகுதியிலிருந்து நகமுள்ள மெல்லிய நுனி மேலெழும். தகடுகளின் மேல், ஒரு பாதத்துக்கு இலட்சக்கணக்கில், கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் நுனியில் மேலும் நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. அவை சுவரை மிக நெருங்கித் தொடும்போது மூலக்கூறுகளுக்கிடையே எழும் வான் டெர் வால்ஸ் விசையே பல்லியைத் தாங்குகிறது. பசையோ உறிஞ்சலோ அதற்குக் காரணம் இல்லை என்பதை அமெரிக்க ஆய்வாளர் கெல்லர் ஆட்டமும் அவருடைய குழுவினரும் 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் சோதனைகளால் காட்டினார்கள். மழுமழுப்பான கண்ணாடியில் தலைகீழாக ஒன்று நிற்கிறது என்றால் அது பல்லிதான். ஓணானுக்கும் அரணைக்கும் நகம் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பான பரப்பு தேவை.

பச்சோந்தியின் பாதம் கிளையைப் பற்றுவதற்கென்றே ஆனது. முன்காலில் உட்புறம் மூன்று விரல்களும் வெளிப்புறம் இரண்டும், பின்காலில் உட்புறம் இரண்டும் வெளிப்புறம் மூன்றுமாக, ஒட்டிச் சேர்ந்து ஓர் இடுக்கி போலாகின்றன. சமதரையில் அது தடுமாறித் தடுமாறி நடப்பதற்கும், சாலையைக் கடக்கையில் வண்டிகளில் அடிபடுவதற்கும் இந்தப் பாதமே காரணம். ஓணானின் விரல்கள் நீண்டு, தனித்தனியாக, ஒவ்வொன்றும் வேறு நீளத்தில் இருக்கும்.

ஓணான் குடும்பத்துக்குள்ளேயே விரலை எண்ணுவது ஒரு பயனுள்ள வேலை. வெட்டவெளியில், கடற்கரை மணலில், பின்னங்கால்களால் எழுந்து ஓடும் விசிறித்தொண்டை ஓணானுக்குப் பின்பாதத்தில் நான்கு விரல்கள் மட்டுமே உண்டு. 1829-இல் பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் குவியே பெயரிட்ட இந்த இனத்தின் அறிவியற் பெயரில் புதுச்சேரி இருக்கிறது. ஆண் தன் தொண்டைத் தோலை விசிறியாக விரிக்கும்போது யாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். விசிறி மடங்கிக் கிடக்கும் மாதங்களிலும், விசிறியே இல்லாத பெண்ணிடமும் அந்த நான்கு விரல்களே துணை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக் காடுகளில் இலைச்சருகுக்குள் வாழும் ரிஸ்டெல்லா என்ற சிற்றரணைகளின் நகங்கள் உறைக்குள் இழுத்துக்கொள்ளத்தக்கவை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். கையில் எடுக்காமல் அதைப் பார்ப்பது அரிது.

செதிலும் காதும்

அரணையின் செதில்கள் வழவழப்பாக ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. அவற்றுக்கடியில் மெல்லிய எலும்புத் தகடுகள் இருப்பதால் உடல் இறுக்கமாகவும் பளபளப்பாகவும் தோன்றும். கழுத்து ஒடுங்காமல் தலை நேரே உடலோடு சேர்ந்துவிடும். ஓணானின் செதில்கள் கூரிய நுனியும் நடுவில் முகடும் கொண்டு சொரசொரப்பாக இருக்கும். பிடரியிலிருந்து முதுகின் நடுவே முள்வரிசை எழும். வீட்டுப் பல்லியின் தோல் மென்மையானது. பெரும்பகுதி மணல்போன்ற சிறு மணிகளால் ஆனது. உடும்பின் தோலிலும் மணிபோன்ற செதில்களே உள்ளன. ஆனால் நீண்ட கழுத்தும், பாம்பினதைப் போல ஆழமாகப் பிளந்து அடிக்கடி வெளியே வரும் நாக்கும் அதை வேறெதனோடும் குழப்ப விடுவதில்லை.

செதிலின் சிறப்பு, இனத்துக்கு இனம் வேறுபாட்டைச் சொல்வதில் இருக்கிறது. தோட்டத்து ஓணானையும் பச்சை ஓணானையும் நிறம் மங்கிய நேரத்தில் பிரித்தறிய, செவிப்பறைக்கு மேலே பார்க்க வேண்டும். தோட்டத்து ஓணானுக்கு அங்கே ஒன்றுக்கொன்று விலகி இரண்டு சிறு முட்கொத்துகள் இருக்கும். பச்சை ஓணானுக்கு எட்டு, ஒன்பது முட்கள் ஒரே வரிசையாக நிற்கும். இந்த அடையாளம் வெயிலிலும் மழையிலும், சினத்திலும் அச்சத்திலும் மாறுவதில்லை.

காதையும் கூடவே பார்த்துவிடலாம். ஓணானின் செவிப்பறை தோலின் மட்டத்தில் வெளிப்படையாகத் தெரியும். அரணைக்குச் சிறிய துளையாக உள்வாங்கியிருக்கும். பச்சோந்திக்கு வெளிக்காதே இல்லை. இலங்கையின் மழைக்காட்டுத் தரையில் நீண்ட பின்னங்கால்களால் துள்ளியோடும் ஒட்டோகிரிப்டிஸ், ஓணான் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் அதன் செவிப்பறை தோலுக்கடியில் மறைந்திருக்கிறது.

பாம்புக்கண் பல்லிக்கும் கோடுள்ள அரணைக்கும் இடையிலான குழப்பத்தைத் தீர்ப்பதும் செதில்தான். இரண்டும் பழுப்பு நிறம். இரண்டின் பக்கவாட்டிலும் வெளிறிய கோடுகள் ஓடும். இரண்டும் தரையில் விரைந்து ஓடும். ஆனால் பாம்புக்கண் பல்லியின் முதுகுச் செதில்கள் கூர்முகடுகளால் சொரசொரத்து ஒளியைத் திருப்பாமல் மங்கியிருக்கும். அரணையின் முதுகு முகடுள்ள இனங்களிலும் மெருகேறியே தெரியும். பாம்புக்கண் பல்லியின் வயிற்றுப் புறத்தில் மட்டும் செதில்கள் வழவழப்பாக அமைந்திருக்கும். இமைக்கவும் இல்லை, முதுகு மின்னவும் இல்லை என்றால் அது அரணை அன்று.

வால், அளவு, இடம்

வால் நல்ல அடையாளம்தான், அது முழுதாக இருக்கும்வரை. பல்லிக்கும் அரணைக்கும் வால் எலும்புகளின் உள்ளேயே முறியும் தளங்கள் உண்டு. ஆபத்தில் தசையை இறுக்கி வாலைக் கழற்றிவிட்டுத் தப்பும். மீண்டும் வளரும் வாலில் முள்ளெலும்புகள் இரா, குருத்தெலும்புத் தண்டே இருக்கும். செதில் அமைப்பும் பழையபடி வராது. நம் வீடுகளில் மிகப் பரவலாக உள்ள ஆசிய வீட்டுப் பல்லியின் வாலில் கூரிய சிறு முள்மணிகள் வளையம் வளையமாக இருக்கும். வளர்ந்த புது வாலில் அவை இருப்பதில்லை. வாலை மட்டும் நம்பியவர் இங்கே ஏமாறுவார். பச்சோந்தியும் உடும்பும் வாலைக் கழற்றுவதில்லை. பச்சோந்தியின் வால் உள்நோக்கிச் சுருண்டு கிளையைப் பற்றும். உடும்பின் வால் பக்கவாட்டில் தட்டையாகி, சாட்டையாகச் சுழன்று அடிக்கும். ஓணானின் வால் மெலிந்து, உடலைவிட இருமடங்குக்கும் மேல் நீளும். இவை மூன்றும் நம்பத்தக்கவை.

அளவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; எந்த இனத்துக்கும் குஞ்சு உண்டு. இடமும் நேரமும் தேடலைச் சுருக்க உதவும், முடிவு செய்ய உதவா. அரணை வீட்டுக்குள் வரும். மரப்பட்டைப் பல்லி தோப்பிலும் வாழும், சுவரிலும் வாழும். குரல் அதைவிட மேலான துணை: ‘சக் சக் சக்’ என்று ஒலித்து வீட்டாரைப் பலன் பார்க்க வைப்பது பல்லி ஒன்றே, ஓணான்களும் அரணைகளும் அவ்வாறு கூவுவதில்லை. முட்டையும் உதவும். சுவர் இடுக்கிலும் மின்விசைப் பெட்டியிலும் இரண்டிரண்டாகக் கிடைக்கும் கெட்டியான வெள்ளை முட்டைகள் பல்லியுடையவை. மண்ணுக்குள் குழியில் பத்துக்கு மேல் கிடைக்கும் மெத்தென்ற தோல்முட்டைகள் ஓணானுடையவாக இருக்க வாய்ப்பு மிகுதி.

குழப்பம் உயிரைக் கேட்கும் இடங்கள்

காலில்லாத அரணைகளும் கால்கள் தேய்ந்த அரணைகளும் பாம்பு என்று கருதப்பட்டுக் கொல்லப்படுவது, எனக்கு மிகவும் வருத்தம் தரும் குழப்பம். ஒடிசாவின் சிலிகா ஏரியிலுள்ள பர்குடா தீவில் கண்டெடுத்த காலில்லா அரணையை, இந்திய விலங்கியல் அளவைத்துறையின் முதல் இயக்குநர் நெல்சன் அன்னண்டேல் 1917-இல் விவரித்தார். இலங்கைக்கே உரிய நெஸ்ஸியா பேரினத்தில், சிறு காலுள்ளவை முதல் கால்களே இல்லாதவை வரை எல்லாப் படிநிலைகளும் உள்ளன. இவை மண்ணுக்குள் வாழ்வதால் கண் மிகச் சிறியது. நான் முதலிடம் கொடுத்த கண் இங்கே எளிதில் உதவாது. அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பாம்புகளுக்கு வயிற்றில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை எட்டும் அகன்ற செதில்கள் ஒற்றை வரிசையாக இருக்கும்; அரணைக்கு உடலைச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவுச் செதில்கள். நம் குளியலறை மூலைகளில் வரும் புழுப்பாம்புக்கும் செதில்கள் சுற்றிலும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், அடுத்து வாலைப் பார்க்க வேண்டும்: புழுப்பாம்பின் வால் மிகக் குட்டையாகச் சிறு முள்ளில் முடியும், அரணையின் வால் உடலின் கணிசமான பகுதியாக நீண்டிருக்கும். புழுப்பாம்பும் நஞ்சற்றதே என்பதால், இதில் எந்தப் பக்கம் தவறினாலும் நமக்கு ஆபத்து இல்லை.

வால் சிவந்த மெல்லிய அரணைக் குஞ்சும் இவ்வாறே அஞ்சப்படுகிறது. புள்ளி அரணையின் இளமைக் கோலம் அது. கொத்த வரும் பறவையின் கவனத்தை, இழந்தாலும் மீண்டும் வளரக்கூடிய வாலுக்குத் திருப்புவதே அந்தச் சிவப்பின் பயன். வளர்ந்தபின் சிவப்பு மறைந்துவிடும்.

இலங்கையில் தீர்மானிக்க வேண்டிய இன்னோர் இணை, தரை உடும்பும் நீருடும்பாகிய கபரகொய்யாவும். தமிழ்நாட்டில் வாழ்வது தரை உடும்பு ஒன்றே என்பதால் இங்கே அந்தக் கேள்வி எழாது. குஞ்சுப் பருவத்தில் இரண்டும் மஞ்சள் புள்ளியுள்ளவை, நிறம் கைகொடுக்காது. மூக்குத்துளையைப் பார்க்க வேண்டும். தரை உடும்பின் துளை சாய்ந்த கீற்றாக, மூக்கு நுனியிலிருந்து நன்கு பின்வாங்கிக் கண்ணை நோக்கி அமைந்திருக்கும்; கபரகொய்யாவின் துளை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ மூக்கு நுனியருகே இருக்கும். நீரில் நீந்தும்போது மூச்சுவிட அதுவே வசதி. இந்தியாவில் உடும்புகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் வெளியேற வழிவிட்டு ஒதுங்குவதும், முடியாதபோது வனத்துறைக்குச் சொல்வதுமே சரியான வழிகள்.

பச்சோந்தி, ஓணான் குழப்பத்துக்குத் தனி விளக்கம் இனித் தேவையில்லை. கூம்புக் கண், இடுக்கிப் பாதம், சுருள் வால் ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலே போதும். ஆனால் ஊர்ப்புறத்தில் சிறுவர்கள் கல்லெறிவது பெரும்பாலும் தோட்டத்து ஓணானின் மேல்தான் என்பதால், அது எந்தத் தீங்கும் செய்யாமல் பூச்சிகளைத் தின்று வாழும் உயிர் என்பதை அடையாளத்தோடு சேர்த்தே அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரே ஒரு படம் எடுக்க முடியுமானால்

பிடித்துப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல்லியும் அரணையும் வாலில் கொழுப்பைச் சேமித்து வைப்பவை. கையில் அகப்பட்டு வாலைக் கழற்றிவிட்டால், நம் ஆர்வத்துக்காகத் தம் சேமிப்பை இழக்கின்றன. கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே பெரும்பாலும் போதும். எதை எடுப்பது என்பதுதான் முடிவு. முழு உடலும் மேலிருந்து தெரியும் படத்தைப் பலர் எடுக்கிறார்கள். அதில் நிறமும் வடிவமும் கிடைக்கும். கண், செவி, கழுத்துச் செதில் எதுவும் கிடைக்காது. தலையைப் பக்கவாட்டிலிருந்து, கண்மட்டத்தில் எடுத்த ஒரு படம் கண்மணியையும் இமையையும் செவிப்பறையையும் அதன் மேலுள்ள முட்களையும் மூக்குத்துளையின் இடத்தையும் ஒருசேரக் காட்டிவிடும். ஓணான், பச்சோந்தி, உடும்பு, பாம்புக்கண் பல்லி ஆகிய எதுவானாலும் அந்த ஒரு படம் பெரும்பாலும் விடை தரும். அரணை இனங்களைத் தம்முள் பிரிக்க மட்டும் முதுகின் நடுப்பகுதியை நெருங்கி எடுத்த இரண்டாவது படம் வேண்டும். செதில் ஒவ்வொன்றிலும் எத்தனை முகடுகள் உள்ளன, அல்லது வழவழப்பா என்பது அங்கேதான் தெரியும்.

வீட்டுப் பல்லிகளுக்கு மட்டும் என் தேர்வு வேறு. முதுகில் வரிசை வரிசையாக முகடுள்ள மணிகள் இருந்தால் அது புள்ளி வீட்டுப் பல்லியாக இருக்கலாம்; முதுகு வழவழப்பாக இருந்தால் ஆசிய வீட்டுப் பல்லியா, மரப்பட்டைப் பல்லியா என்ற கேள்வி மிஞ்சும். இவற்றுக்குச் சன்னல் கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் நேரத்தைப் பயன்படுத்தி, உள்ளேயிருந்து அடிப்புறத்தைப் படமெடுப்பதே சிறந்தது. விரலின் அடித்தகடுகள் தெளிவாகத் தெரியும். ஆணாக இருந்தால் தொடைகளின் அடியில் மெழுகு சுரக்கும் நுண்துளைகளின் வரிசையும் தெரியும்: ஆசிய வீட்டுப் பல்லியில் அவ்வரிசை ஒரு தொடையிலிருந்து மறு தொடைவரை இடையறாமல் செல்லும், மரப்பட்டைப் பல்லியில் நடுவே இடைவெளி விட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும்.